போகும் வழியும் திரும்பும் வழியும்: கால்களைக் காக்கும் முறை

ஹிருதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் தமனிகளின் வழியே பாதத்தின் கடைசி விரல் நுனி வரையில் சென்று, அங்குள்ள தசைக்கும் தோலுக்கும் வேண்டிய பிராணவாயுவையும் போஷணையையும் கொடுத்துவிட்டு, சிரைகளின் வழியே மேலேறி மீண்டும் ஹிருதயத்தை வந்தடைகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பாடந்தான். ஆயினும், காலுக்கு நேரும் பெரிய அபாயங்கள் பலவும் இந்த இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்று அடைபடுவதனாலேயே உண்டாகின்றன என்பதையும், ஒரு வழி அடைபட்டவருக்கு இதமாக இருக்கும் உபசாரமே மற்றொரு வழி அடைபட்டவருக்குக் கெடுதலாய் முடியும் என்பதையும் அறிந்தவர்கள் நம்மில் சிலரே. வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பது திரும்பும் வழியில் கோளாறு உள்ளவருக்குச் சுகம். தமனி சுருங்கி, இறங்க வேண்டிய இரத்தமே இறங்காத காலை அவ்வாறு தூக்கி வைத்தாலோ, இருக்கிற கொஞ்ச இரத்தமும் வடிந்துபோய் வலி அதிகரிக்கும். இறுக்கமான காலுறைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆகையால் காலில் எந்தக் கோளாறு கண்டாலும், தைலத்தையோ ஒத்தடத்தையோ தேடுவதற்கு முன்னால், ‘போகும் வழியா, திரும்பும் வழியா?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு விடை காண்பது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. வைத்தியரிடம் எப்போது ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே இதன் பிரயோஜனம். வைத்தியர் வேண்டாமென்று இருந்துவிடுவதற்காக எழுதப்பட்டதன்று.

போகும் வழியைச் சோதித்தல்

1. இரண்டு கால்களிலும் செருப்பு, காலுறை முதலியவற்றைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் அமைதியாகப் படுத்திருங்கள்.

2. சோதிப்பவர் தம் புறங்கையை முழங்காலில் வைத்து விரல்நுனி வரை மெல்லக் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்கே உஷ்ண வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு கால் மட்டும் ஓரிடத்திலிருந்து கீழே சில்லென்று இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பாதத்தில் நாடி பாருங்கள். கால் கட்டைவிரலை மேலே நிமிர்த்தினால் பாதத்தின் மேற்புறத்தில் நாண்போல் ஒன்று எழும்பி நிற்கும். அதற்குச் சற்று வெளிப்புறமாக மூன்று விரல்களின் நுனியை இலேசாக வைத்தால் துடிப்பு தட்டுப்படும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கைக் கட்டைவிரலால் பார்க்கலாகாது. அதன் சொந்த நாடியையே நோயாளியின் நாடி என்று எண்ணி ஏமாறுவீர்கள்.

4. இரண்டாவது நாடி, உட்கணுவுக்குப் பின்னால், குதிகாலை நோக்கிச் சரியும் பள்ளத்தில் இருக்கிறது. பாதத்தின் மேற்புற நாடி பிறவியிலேயே சிலருக்குத் தட்டுப்படுவதில்லை. ஆகவே ஒன்று கிடைக்காததனால் கலங்க வேண்டாம். இரண்டும் கிடைக்கவில்லையானால் வைத்தியரைப் பாருங்கள்.

5. கட்டைவிரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் சுமார் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும்.

மருத்துவமனையில் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு இருக்கிறதென்றும், 0.4-க்குக் கீழே போனால் கால் கடுமையான ஆபத்தில் இருக்கிறதென்றும் கொள்வது வழக்கம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கோ, தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அது அழுத்தத்துக்கு இளகாததனால், உள்ளே அடைப்பிருந்தும் இந்த எண் நல்லதாகவே காட்டக்கூடும். அவர்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தையும் பார்க்கும்படி கேட்பது நல்லது.

போகும் வழி குறுகத் தொடங்கிவிட்டது என்பதை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் கெண்டைக்கால்தான். இருநூறு அடி, முந்நூறு அடி நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கடை வாசலில் இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். இதை வயதின் கோளாறு என்றோ வாயு என்றோ எண்ணிக் காலம் கடத்துகிறவர்கள் ஏராளம். இரவில் படுத்தால் பாதம் எரிந்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்ற நிலை வந்துவிட்டால், அதற்கு மேல் ஒரு வாரங்கூடத் தாமதிக்கலாகாது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லியோ பர்ஜர் என்ற வைத்தியர் 1908-ஆம் ஆண்டில் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கிவரும் ஒரு நோய் உண்டு. நாற்பது வயதுகூட ஆகாத, நன்றாய் உழைக்கிற ஆண்களின் கைகால் விரல்களை ஒவ்வொன்றாகக் கறுக்கச் செய்வது அது. நம் தேசத்தில் பீடி பிடிக்கும் கூலியாட்கள் அதற்கு மிகுதியாக இரையாகின்றனர். புகையிலையை அடியோடு விட்டவருக்கு அந்நோய் பெரும்பாலும் நின்றுவிடுகிறது; ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் என்று குறைத்துக்கொண்டவருக்கு நிற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் குறைப்பதென்பது விடுவதாகாது.

வலிக்காத புண்

என் பெரியப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் சந்தைக்குப் போய்த் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் படியேறியபோது, வலது பாதம் பட்ட இடமெல்லாம் நாணயமளவு சிவப்புச் சுவடு பதிந்துகொண்டே வந்தது. “பெரியப்பா, கால்ல ரத்தம்!” என்று நான் கத்தினேன். “எனக்கா? ஒண்ணும் வலிக்கலையேடா” என்றார் அவர், திரும்பிக்கூடப் பாராமல். செருப்பை எடுத்துப் பார்த்தேன். தைத்தபோது அடித்த ஆணி ஒன்று அடித்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஒரு நெல்மணி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் அவர் சந்தைக்கு நடந்து போயிருக்கிறார், மூட்டையுடன் திரும்பியும் வந்திருக்கிறார். அந்தச் சிறு புண் ஆறுவதற்கு நாலு மாதம் பிடித்தது. வலிக்கவில்லை என்று அவர் சொன்னது ஆறுதலான வார்த்தை என்று அன்று நாங்கள் எல்லோரும் நினைத்தோமே, அதுதான் எங்கள் பிழை.

1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஸ்பரிச உணர்வு போய்விட்டதனால் தெரியாமல் படும் காயங்களும் தீப்புண்களுமே அந்த விரல்களை அழிக்கின்றன என்பதைப் பொறுமையாய் ஆராய்ந்து நிறுவினார். உறங்கும்போது எலி கடித்துப் போவதையும் உணராத நோயாளிகள் இருந்தார்கள் என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. பின்னர் அமெரிக்காவில் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, இதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார். இன்று நம் ஊர்களில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறார்களே, மிருதுவான ரப்பர் பரப்பிய அந்தப் பாதரட்சையின் பின்னால் இந்த அறிவுதான் இருக்கிறது.

உணர்வு குறைந்த பாதத்துக்கு இரத்தமும் குறைந்துபோனால், ஆணி குத்திய துவாரம் அழுகலின் வாசலாகிவிடும். ஆகவே உணர்வு செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும்.

தினந்தோறும் ஐந்து நிமிஷம்

1. இரவு படுக்கப் போகுமுன், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, உள்ளங்காலை அதில் பார்க்கலாம். பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள வேறொருவர் பார்ப்பதே சரி.

2. விரலிடுக்குகளை ஒவ்வொன்றாய் விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். பின்னர் குதிகால், அதிலுள்ள பித்தவெடிப்பு, மெட்டியின் அடிப்பாகம், செருப்பு வார் உராயும் இடம்.

3. பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி உடனே துடையுங்கள். ஊற வைக்க வேண்டாம். வெந்நீராயின் முழங்கையை விட்டு உஷ்ணம் பார்த்த பிறகே காலை விட வேண்டும்.

4. தேங்காயெண்ணெயைப் பாதத்திலும் குதிகாலிலும் தடவுங்கள். விரலிடுக்கில் தடவாதீர்கள், ஈரம் தங்கிவிடும்.

5. நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே குடைந்து வெட்டுவதே நகச்சுற்றுக்கு மூலம்.

6. காலையில் செருப்பைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். என் பெரியப்பாவின் வீட்டில் இன்றளவும் குழந்தைகள்கூட இதைச் செய்கிறார்கள்.

*வழக்கமான பிழைகள்:* கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவது. மருந்துக் கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டையை ஒட்டுவது (அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்). மரத்துப்போன பாதத்துக்கு வெந்நீர்ப் பை வைப்பது. மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவது. கடைசியில் சொன்னதைப் பக்தர்கள் தவறாகக் கொள்ளக் கூடாது. விடியற்காலையிலோ சூரியன் சாய்ந்த பிறகோ கிரிவலம் போனாலும் புண்ணியம் அதேதான்; அதற்குப் பிறகு உள்ளங்காலைப் பார்க்காமல் படுக்கலாகாது.

விரல் கறுத்துவிட்டால்

இரத்தம் கிடைக்காத தசை மூன்று விதமாகச் சாகிறது. உலர்ந்த அழுகலில் விரல் நுனி நீலித்து, பின்னர் கறுத்து, வற்றலைப்போல் சுருங்கி, நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே ஒரு கோடு விழும்; இது மெல்ல நடப்பது. ஈர அழுகலில் கிருமிகள் புகுந்துவிடுவதால் வீக்கம், கொப்புளம், சீழ், தாங்க முடியாத துர்நாற்றம், ஜுரம் எல்லாம் சேர்ந்து, நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் மேலேறும். மூன்றாவது வாயு அழுகல்: மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமி ஆழமான காயத்தில் புகுந்து, தசைக்குள் வாயுவை உண்டாக்கும், காயத்தின் அளவுக்கு மிஞ்சிய கடும் வலியும், தோலை அழுத்தினால் பொரி நொறுங்குவது போன்ற சத்தமும் அதன் அடையாளம். பின்னவை இரண்டிலும் உயிருக்கே அபாயம்.

1. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்ப வேண்டாம். தண்ணீரில் ஊற வைப்பது உலர்ந்த அழுகலை ஈர அழுகலாக்கும்.

2. விரல்களுக்கிடையில் சுத்தமான உலர்ந்த துணியை வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள்.

3. காலை உயர்த்தவும் வேண்டாம், சூடு காட்டவும் வேண்டாம்.

4. உலர்ந்த அழுகலானால் அன்றோ மறுநாளோ, மற்றவையானால் அந்தக் கணமே, இரத்தநாள அறுவை வைத்தியர் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், “காலுக்கு ரத்த ஓட்டம் எப்படியிருக்குன்னு பார்த்தீங்களா, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். இரத்தம் இறங்காத காலில் விரலை எடுத்தால், எடுத்த இடமும் ஆறாமல் மேலேயே அழுகிக்கொண்டு போகும். பலூன் சிகிச்சையாலோ மாற்று நாளம் பொருத்தியோ முதலில் வழியைத் திறந்துவிட்டால், முழங்கால் வரை போக வேண்டிய இழப்பு ஒரு விரலோடு நின்றுவிடுவதுண்டு. உயிரையே பறிக்கும் ஈர அழுகலில் மட்டும், சீழை வெளியேற்றுவது முந்திக்கொள்ளும், அதைத் தடுக்காதீர்கள்.

*அவசரம்:* கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, கடுமையாய் வலித்து, மரத்து, அசைக்க முடியாமல் போய், நாடியும் கிடைக்கவில்லையானால், தமனியில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று வந்து அடைத்திருக்கிறது. ஹிருதய வால்வுக் கோளாறும் சீரற்ற துடிப்பும் உள்ளவர்களுக்கு இது நேர்வதுண்டு. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் இரத்தத்தைத் திரும்ப ஓடச் செய்ய வேண்டும். 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

கட்டினால் கெடும்

வியாதி ஏதும் இல்லாத இளம் கையும் காலும்கூட அழுகிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு: இறுக்கமான கட்டு. பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டும் பழக்கம் விஷத்தைத் தடுப்பதில்லை, காலைத்தான் கொல்லும். கட்டாமல், காலை ஆட்டாமல், மருத்துவமனைக்குக் கொண்டு போவதே முறை. எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டோ மாவுக் கட்டோ எது போட்டிருந்தாலும், முதல் இரண்டு நாள் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ, நீலித்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி தாங்கவில்லையானாலோ, நடு இராத்திரியானாலும் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு, கால் வீங்கும் காலத்தில் உள்ளே பதிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். காரணம் தெரியாமல் கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தால் அதன் விரல்களைப் பாருங்கள். தாயின் தலைமயிர் ஒன்று சுற்றிக்கொண்டு இறுக்கியிருக்கலாம்.

திரும்பும் வழியில் உறையாமல் இருக்க

இரத்தம் தேங்குவது, நாளச் சுவர் காயப்படுவது, இரத்தமே உறையும் தன்மையில் மிகுவது என்னும் மூன்று காரணங்களை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் இன்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, புற்றுநோய், கர்ப்பகாலம், கர்ப்பத்தடை மாத்திரை, நீண்ட படுக்கை ஆகியவற்றில் இவை ஒன்றோ பலவோ கூடுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் நகரத்தார் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் இரவு முழுதும் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்து உறங்கியபோது, நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுத்தியதனால் காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துச் சிலர் இறந்ததை, கீத் சிம்சன் என்ற வைத்தியர் 1940-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் மடங்கிய முழங்காலோடு போகிறவருக்கும் அந்தச் சட்டத்தின் பாடம் பொருந்தும்.

நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் செய்ய வேண்டியவை:

1. அரைமணிக்கொரு தரம் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருபது முறை செய்யுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையிலுள்ள இரத்தத்தை மேலே பிதுக்கித் தள்ளுகிறது.

2. வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நடவுங்கள்.

3. ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் போகும் பெண்கள் பலர். அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

4. இறுக்கும் காலுறை உங்களுக்கு வேண்டுமா என்பதை, மேலே சொன்ன கணுக்கால் அழுத்தத்தைப் பார்த்த வைத்தியரே சொல்லட்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வைத்தியர் நடக்கச் சொன்ன நாளில் வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பதும், படுத்திருக்கும்போது மேற்சொன்ன முன்பாத அசைவைச் செய்வதும், உறையாமல் தடுக்கும் ஊசி எனக்கு வேண்டியதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதும் நன்று.

பிள்ளை பெற்றவளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இரத்தம் சுலபமாய் உறையும் காலம். அந்தக் காலத்தில்தான் ‘தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்’ என்று தாகத்துக்கு மிடறு கணக்கில் தண்ணீர் கொடுத்து, எழுந்து நடமாடவும் விடாமல் படுக்க வைக்கிறார்கள். கால் சிரையில் மட்டுமன்று, மூளையின் சிரையிலும் உறைவு உண்டாகி, பச்சைக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலிப்பு வந்து விழுந்த பெண்களை நம் மருத்துவமனைகள் எத்தனையோ கண்டிருக்கின்றன. கேட்ட மட்டும் தண்ணீர் கொடுங்கள். வீட்டுக்குள் நடக்க விடுங்கள். விடாத தலைவலி, பார்வைக் குழப்பம், வலிப்பு எதைக் கண்டாலும் திருஷ்டி கழித்துக்கொண்டிராமல் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

1. முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் துருத்தும் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, தையல் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளவெடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் பலமானது. குறைவாக இருந்தாலும், வலியும் சூடும் சிவப்பும் சேர்ந்திருந்தால் காட்டியே ஆக வேண்டும்.

2. நீவி விடாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். உறைந்த கட்டி பிடி தளர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடும்.

3. அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்கக்கூடிய இடத்துக்குச் செல்லுங்கள்.

4. திடீர் மூச்சுத் திணறல், மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். நோயாளியை மாடிப்படியில் நடத்திக் கூட்டி வராதீர்கள்.

உறையாமல் தடுக்கும் மாத்திரை

வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தினம் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டையாக விழுங்கலாகாது. ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையின் எண் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர்களில் சிலருக்கு வைத்தியர் இன்னும் கூடுதலாக வைப்பார். கீரையை விட்டுவிட வேண்டும் என்பது தப்பெண்ணம். முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறீர்களோ அதை ஒரே அளவாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் உண்டு மறு வாரம் அறவே நிறுத்தினால் எண் தடுமாறும். உடம்புவலிக்குத் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது இவர்களுக்குப் பெரிய அபாயம். மலம் தார்போல் கறுத்தாலும், பல் ஈறில் இரத்தம் நிற்காவிட்டாலும், தலையில் சிறு அடி பட்டாலுங்கூட மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு சிறு நோட்டில் தேதி, மாத்திரையின் அளவு, ஐ.என்.ஆர். எண் மூன்றையும் எழுதி வாருங்கள். மாத்திரையின் பெயரெழுதிய ஒரு சீட்டு எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும், ஊசி போட்டுக்கொள்ளப் போனாலும், நாட்டு மருந்து கேட்கப் போனாலும், வாய் திறக்குமுன் அந்தச் சீட்டை எடுத்து நீட்டுங்கள்.